அடுப்பு ஒன்று, கிளை பல!

"இன்று ராத்திரி சமையல் வேண்டாம், ஹோட்டலுக்குப் போய்விடலாம்!"

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு மலராத முகம் உண்டா? குழந்தைகள் செருப்பைத் தேடி ஓடுகின்றன. இல்லத்தரசி இடுப்பில் செருகிய தலைப்பை எடுத்து உதறிவிட்டு, "அப்படியானால் நறுக்கி வைத்த கத்தரிக்காயை என்ன செய்வதாம்?" என்று பேருக்கு ஓர் ஆட்சேபம் கிளப்புகிறாள். அந்த ஆட்சேபத்தை வீட்டில் ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. அவளும்தான்!

ஆனால் வாசக சகோதரிகளே, இதே வாக்கியத்தை உங்கள் கொள்ளுப்பாட்டியிடம் யாராவது சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? வீடே அமர்க்களப்பட்டிருக்கும். 'கிளப்புக் கடை'க்குப் போவது என்றாலே அந்த நாளில் ஒரு மாதிரி. ஆண்பிள்ளைகள் ஒருவருக்கும் தெரியாமல் போய் ஒரு காப்பி சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். குடும்பப் பெண்கள் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டார்கள். பிரயாணம் கிளம்பினால் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள். வெளியில் சாப்பிடுவது என்றால் யார் சமைத்தார்களோ, எந்தத் தண்ணீரோ, பக்கத்து இலையில் யாரோ என்று நூறு கவலை.

அந்த நூறு கவலையையும் ஒவ்வொன்றாகக் களைந்து, குடும்பம் குடும்பமாக ஜனங்களை ஹோட்டலுக்கு வரவழைத்தவர்கள் சிலர் உண்டு. அவர்களில் முதல் வரிசையில் வைத்துச் சொல்லவேண்டியவர் 'உட்லண்ட்ஸ்' கிருஷ்ண ராவ். அவருடைய கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். கதையில் தோசையும் உண்டு. அமெரிக்காவின் 'ஹாம்பர்க'ரும் உண்டு. தோசைக்கும் ஹாம்பர்கருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், மாவு புளிக்கட்டும்!

மாவாட்டிய கை

தென் கன்னட ஜில்லாவில் கடந்தலே என்று ஒரு சிற்றூர். 1898-ஆம் ஆண்டு அங்கே ஓர் ஏழை வைதீகக் குடும்பத்தில் கிருஷ்ண ராவ் பிறந்தார். படிப்பு அதிகம் இல்லை. சமையலறைதான் அவருக்குக் கல்லூரி. உரலும் குழவியும்தான் பாடப் புத்தகம்.

அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உடுப்பி என்னும் ஊர் ஒரு பெரிய ஆதாரம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மத்வாசாரியார் பிரதிஷ்டை செய்த கிருஷ்ணன் கோயில் அங்கே இருக்கிறது. அவர் ஏற்படுத்திய எட்டு மடங்களும் இரண்டிரண்டு வருஷமாக முறை வைத்துக்கொண்டு கோயில் பூஜையை நடத்துகின்றன. பூஜை என்றால் பூவும் தீபமும் மட்டுமல்ல. வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு! நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே பக்குவத்தில், ஒரே நேரத்தில், பாத்திரம் பாத்திரமாகச் சமைத்து இறக்கவேண்டும். வெங்காயம், பூண்டு கிடையாது. புளிப்பையும் காரத்தையும் வெல்லம் போட்டுச் சமன் செய்வார்கள். இரண்டு பேருக்கு ருசியாகச் சமைப்பது வேறு. இரண்டாயிரம் பேருக்கு ருசி மாறாமல் சமைப்பது வேறு. இந்த இரண்டாவது வித்தையை உடுப்பிக்காரர்கள் கோயில் மடைப்பள்ளியில் கற்றார்கள். பிற்பாடு அதை ஊர் ஊராக எடுத்துச் சென்றார்கள். வயலில் விளைச்சல் போதாத பிராந்தியம் அது. வீட்டுக்கு ஒரு பிள்ளை பம்பாய்க்கோ சென்னைக்கோ போய் ஹோட்டலில் சேர்ந்தால், மாதம் ஒரு மணியார்டர் வரும்.

கிருஷ்ண ராவும் அப்படித்தான் 1920-களில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். ஜார்ஜ் டவுனில் ஒரு ஹோட்டலில் மாவாட்டினார், பாத்திரம் துலக்கினார், பரிமாறினார். பையனுடைய உழைப்பைக் கண்ட முதலாளி, ஆச்சாரப்பன் தெருவில் இருந்த சின்னக் கடையை அவருக்கே விற்க முன்வந்தார். பணத்துக்கு எங்கே போவது? "மாதத் தவணையில் கொடு, போதும்" என்றாராம் முதலாளி. கடையை வாங்கியவருக்குத் தூக்கம் போயிற்று; ஆனால் தவணை தவறவில்லை.

பிறகு மவுண்ட் ரோடில் 'உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ்' வந்தது. மவுண்ட் ரோடு என்றால் அந்நாளில் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் ராஜபாட்டை. அங்கே இட்டிலியும் காப்பியும் கொடுத்து ஜெயிக்கலாம் என்று ஒருவர் நினைத்ததே பெரிய துணிச்சல்தான். ஆபீஸ் குமாஸ்தாக்களும் வக்கீல்களும் பத்திரிகைக்காரர்களும் மொய்த்தார்கள். உருளைக்கிழங்கு மசாலை உள்ளே வைத்து மடித்த தோசையைச் சென்னைக்குப் பழக்கிவைத்த பெருமையைப் பலரும் கிருஷ்ண ராவுக்கே கொடுக்கிறார்கள். அந்தத் தோசை இன்று உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது.

பங்களாவுக்குள் இட்டிலி

1938-ஆம் வருஷம் அவர் செய்த காரியம்தான் பெரிய காரியம். ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமான ஒரு பெரிய பங்களாவை வாடகைக்கு எடுத்தார். பங்களாவின் பெயர் 'உட்லண்ட்ஸ்'. பெயரை அவர் மாற்றவில்லை. பெயர்தான் அவரை மாற்றியது! அதுவரையில் 'உடுப்பிக்காரர்' என்று அறியப்பட்டவர் அன்றுமுதல் 'உட்லண்ட்ஸ் கிருஷ்ண ராவ்' ஆனார்.

தங்குவதற்கு அறைகள், நிழல் தரும் மரங்கள், சுத்தமான சாப்பாட்டுக் கூடம். வெளியூரிலிருந்து பெண்டு பிள்ளைகளோடு பட்டணம் பார்க்க வருகிறவர்கள் தயங்காமல் வந்து இறங்கலாம். சந்து பொந்தில், புகை மண்டிய கூடத்தில், ஈரப் பெஞ்சியில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் ஹோட்டல் என்று நினைத்திருந்த ஜனங்களுக்கு இது ஒரு புது உலகம். மரக்கறிச் சாப்பாடு என்றால் மலிவுச் சாப்பாடுதான் என்ற எண்ணமும் அங்கே உடைந்தது.

பங்களாவின் குத்தகை முடிந்தது. 1952-ல் அவர் எட்வர்டு எலியட்ஸ் ரோடில் 'நியூ உட்லண்ட்ஸ்' ஹோட்டலை நிறுவினார். அந்த வீதிக்கு இப்போது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று பெயர். அங்கே நடந்த கல்யாணங்களுக்கும் நிச்சயதார்த்தங்களுக்கும் கணக்கு ஏது? உங்களில் எத்தனை பேரை அந்தக் கூடத்தில் 'பெண் பார்த்தார்களோ', நான் கேட்கவில்லை!

அதே காலத்தில் இன்னொரு உடுப்பிக்காரரான சீதாராம ராவ் தம்முடைய 'தாசப்பிரகாஷ்' ஹோட்டலை 1954-ல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் எழுப்பினார். சாப்பாட்டுக்குப் பிறகு ஐஸ்கிரீம் என்னும் ஆசையைச் சென்னைக் குழந்தைகளுக்கு ஏற்றிவிட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் பர்ஸ் இளைப்பதற்கு அவரும் ஒரு காரணம்!

பலகையில் ஒரு சொல்

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது சரித்திரமாகாது. அந்தக் காலத்து ஹோட்டல்களில் ஒரு முள்ளும் இருந்தது. 'பிராமணாள்' என்ற சொல் பல ஹோட்டல் பலகைகளில் இருந்தது. சில இடங்களில் சாப்பிடும் இடமே சாதிவாரியாகப் பிரிந்திருந்தது. ஒரே காசு கொடுத்து ஒரே இட்டிலியை வாங்குகிறவர்களில் ஒருவருக்கு உள்ளே இலை, இன்னொருவருக்கு வெளியே. இந்தச் சொல்லைப் பலகையிலிருந்து எடுக்கவேண்டும் என்று பெரியார் 1957-ல் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் முன்பு மறியல் தொடங்கினார். நாள் தவறாமல் தொண்டர்கள் வந்தார்கள், கைதானார்கள், மறுநாள் வேறு தொண்டர்கள் வந்தார்கள். கடைசியில் பலகைகள் மாறின.

இன்று மேஜைக்கு மேஜை யார் எவர் என்று கேட்காமல் நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அது தானாக வந்த பழக்கம் அல்ல. யாரோ வெயிலில் நின்றதால் வந்தது.

பெண்களுக்கும் ஹோட்டல் ஒரே நாளில் கதவைத் திறந்துவிடவில்லை. முதலில் 'பேமிலி ரூம்' என்று பலகையால் தடுத்த சிறு சிறு அறைகள். வாசலில் அழுக்கேறிய ஒரு திரை. திரைக்கு உள்ளே உட்கார்ந்து, பரிமாறுகிறவர் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக்கொண்டு சாப்பிட்ட தலைமுறை நம் பாட்டிகளுடையது. பிறகு திரை போயிற்று; பலகையும் போயிற்று. கணவனோ தமையனோ துணைக்கு வராமல், நாலு சிநேகிதிகளாகச் சேர்ந்து ஒரு மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் காலமும் வந்தது.

மரத்தடியில் மசால் தோசை

கிருஷ்ண ராவின் அடுத்த யோசனை எல்லாவற்றையும் விட விசித்திரமானது. அமெரிக்காவில் காரைவிட்டு இறங்காமலே சாப்பிடும் 'டிரைவ்-இன்' ஹோட்டல்கள் பெருகியிருந்தன. அங்கே காரின் ஜன்னலுக்கு வருவது ஹாம்பர்கர். இறைச்சியைக் கொத்தி, வடைபோலத் தட்டி, சுட்டு, இரண்டு பன் ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கொடுப்பார்கள். நம் ஊரில் ஜன்னலுக்கு ஊத்தப்பம் வந்தால் என்ன?

வந்தது! 1962-ல் கதீட்ரல் சாலையில், ஜெமினி வட்டாரத்தில், வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் பசுமையான நிலத்தில் 'உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்' பிறந்தது. காரை மரத்தடியில் நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டால் பரிமாறுகிறவர் வருவார். காரின் ஜன்னல் கதவில் மாட்டிக்கொள்கிற தட்டு ஒன்றை வைத்திருப்பார்கள். அதில் சுடச்சுட இட்டிலி, வடை, மசால் தோசை, பித்தளை டபராவில் காப்பி. காரில்லாதவர்கள் ஏங்க வேண்டியதில்லை. உள்ளே மேஜை நாற்காலிகள் உண்டு. சைக்கிளில் வந்தவரும் உட்காரலாம். நடந்து வந்தவரும் உட்காரலாம். ஒரு காப்பியை வாங்கிவைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சினிமாக் கதை விவாதித்தாலும் ஒருவரும் எழுந்திருக்கச் சொல்லமாட்டார்கள். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளுக்கு அதுதான் ஆபீஸ். பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்கு அதுதான் நூல்நிலையம். குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல். கைக்குழந்தைக்காரிகளுக்கோ அது ஒரு வரப்பிரசாதம்! தூங்கும் குழந்தையைக் காரில் கிடத்திவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து நிம்மதியாக ஒரு தோசை சாப்பிடலாம். வீட்டில் கூட அந்த நிம்மதி கிடையாதே!

கலிபோர்னியாவில் இரண்டு வழிகள்

இப்போது ஹாம்பர்கர் கதைக்கு வருகிறேன்.

1948-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் இரண்டு காரியங்கள் நடந்தன. சான் பெர்னார்டினோ என்ற ஊரில் மக்டானல்டு சகோதரர்கள் தங்கள் ஹோட்டலின் நீண்ட பட்டியலைச் சுருக்கி, சில பண்டங்களை மட்டும் மின்னல் வேகத்தில் செய்துகொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், பால்ட்வின் பார்க் என்ற ஊரில், ஹாரி ஸ்னைடர், எஸ்தர் ஸ்னைடர் என்ற தம்பதி 'இன்-என்-அவுட்' என்று ஒரு சிறிய ஹாம்பர்கர் கடை போட்டார்கள். பத்தடிக்குப் பத்தடிதான் கடை. நம் ஊர்ப் பூஜை அறையைவிடக் கொஞ்சம் பெரிது! காரில் இருந்தபடியே ஒலிபெருக்கியில் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம். கணவர் விடிவதற்குள் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கிவருவார். மனைவி வரவு செலவுக் கணக்கு முழுவதையும் தாமே எழுதினார்.

இந்த இரண்டு கடைகளும் பிறகு போன வழிகளைப் பாருங்கள். மக்டானல்டு சகோதரர்களிடம் ரே கிராக் என்பவர் வந்தார். ஊர் ஊராக உரிமம் கொடுத்துக் கிளைகளைப் பெருக்கினார். 1961-ல் சகோதரர்களிடமிருந்து தொழில் முழுவதையும் 27 லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டார். விற்ற பிறகு, அவர்கள் முதன்முதலில் தொடங்கிய கடைக்கே அவர்களுடைய பெயரை வைத்துக்கொள்ள முடியாமல் போயிற்று. தன் வீட்டு வாசலில் தன் பெயர்ப் பலகையைத் தானே கழற்றுவது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஸ்னைடர் தம்பதி ஒருவருக்கும் உரிமம் கொடுக்கவில்லை. 1976-ல் ஹாரி இறந்தபோது இருந்தவை மொத்தம் 18 கடைகள்தாம். இருபத்தெட்டு வருஷ உழைப்புக்குப் பதினெட்டே கடை! இறைச்சியை உறையவைத்து வைத்துக்கொள்வதில்லை. உருளைக்கிழங்கைக் கடையிலேயே நறுக்குகிறார்கள். தங்கள் சொந்தக் கிடங்கிலிருந்து லாரி போய்ச் சேரக்கூடிய தூரத்துக்குள்தான் புதுக் கடை. குடும்பத்தைத் துக்கம் விடாமல் துரத்தியது. இளைய மகன் 1993-ல் விமான விபத்தில் மாண்டார். மூத்த மகன் 1999-ல் இறந்தார். இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த எஸ்தர் 2006-ல் கண்ணை மூடும் வரையில் கடையைக் கைவிடவில்லை. 2010-லிருந்து பேத்தி லின்சி ஸ்னைடர் தலைவியாக இருக்கிறார். இன்றும் அது குடும்பச் சொத்துதான்.

மக்டானல்டு 1996-ல் இந்தியாவுக்கும் வந்தது. வந்ததும் என்ன செய்தது தெரியுமா? மாட்டிறைச்சியை விட்டுவிட்டு உருளைக்கிழங்கு வடையைப் பன்னுக்குள் வைத்தது! மசால் தோசைக்குள் கிருஷ்ண ராவ் வைத்ததும் உருளைக்கிழங்குதானே?

ருசி எவ்வளவு தூரம் பிரயாணம் செய்யும்?

குடும்ப ஹோட்டல்கள் அனைத்துக்கும் முன்னே நிற்கும் கேள்வி இதுதான். ஒரு கடையில் முதலாளியே சாம்பாரை ருசி பார்க்கலாம். மூன்று கடை வந்தால் தம்பியை ஒரு கடையிலும் மைத்துனனை இன்னொரு கடையிலும் உட்கார வைக்கலாம். முப்பது கடை வந்தால்? அத்தனை மைத்துனனுக்கு எங்கே போவது!

இதில் நமக்குத் தெரியாத சங்கடம் என்ன இருக்கிறது? அதே அரிசி, அதே உளுந்து, அதே அளவு. ஆனால் மார்கழி மாதத்து மாவு வேறு, சித்திரை மாதத்து மாவு வேறு. அம்மா கை பட்டால் பொங்கும் மாவு மருமகள் கை பட்டால் படுத்துக்கொள்கிறது. அதற்கு மாமியார் சொல்லும் காரணம் எதுவானாலும், உண்மைக் காரணம் சூடும் உப்பும் தண்ணீரும்தான். லண்டனில் போய்த் தோசைக் கடை வைத்த நம்மவர்கள் குளிரில் மாவு புளிக்காமல் பட்ட பாடு பெரும்பாடு. மாவுக்குக் கணப்புப் போட்டுக் காவல் காக்கவேண்டி வந்தது.

யந்திரம் ஓரளவு கைகொடுத்தது. 1955-ல் கோயமுத்தூர் சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். அதற்கு முன் ஹோட்டல் பின்கட்டில் விடிய விடிய உரலைச் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் யார்? ஊரிலிருந்து வந்த ஏழைச் சிறுவர்கள். வீட்டில் சுற்றியவர்கள் யார்? அதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கிருஷ்ண ராவ் சின்ன வேலையிலிருந்து முதலாளி ஆனதை நாம் புகழ்கிறோம். ஆனால் அவரோடு உரல் சுற்றி, உரலோடேயே நின்றுபோன பையன்கள் எத்தனையோ பேர். 2006-ஆம் ஆண்டு அக்டோபர் 10 முதல் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். நல்லதுதான். அந்தப் பழைய 'கல்லூரி' மூடப்பட்டதற்காக யாரும் கண்ணீர் விடவேண்டாம்.

பெங்களூரில் ஒரு குடும்பம் இந்தக் கேள்விக்கு வேறு விதமாகப் பதில் கண்டது. உடுப்பிப் பக்கத்துப் பாரம்பள்ளியிலிருந்து வந்த மையா சகோதரர்கள் 1924-ல் தொடங்கிய கடைதான் பிற்பாடு 'மாவள்ளி டிபன் ரூம்' ஆயிற்று. யுத்த காலத்தில் அரிசி கிடைக்காமற் போனபோது அவர்கள் ரவையில் இட்டிலி வார்த்தார்கள். பஞ்சத்துக்குப் பிறந்த அந்த ரவை இட்டிலி இன்று விருந்துக்கு வருகிறது! யக்ஞநாராயண மையா 1951-ல் ஐரோப்பா போய் அங்குள்ள ஹோட்டல்களின் சுத்தத்தைப் பார்த்துவிட்டு வந்து, தம் கடைச் சமையலறையை வாடிக்கைக்காரர்கள் பார்த்துக்கொண்டே உள்ளே வரும்படி திறந்துவிட்டார். 'என் அடுப்படியை வந்து பார்' என்று எவன் சொல்கிறானோ, அவன் கையால் தைரியமாகச் சாப்பிடலாம்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1970-களின் நடுவில், பண்டங்களின் விலையைச் சர்க்கார் கட்டுப்படுத்தியது. சரக்கின் தரத்தைக் குறைத்தால் தப்பிக்கலாம். அவர்கள் குறைக்க மறுத்தார்கள், ஹோட்டலை மூடினார்கள். வேலையாட்கள் கதி? ரவை இட்டிலி மாவு, சாம்பார்ப் பொடி, ரசப் பொடி என்று பொட்டலம் கட்டி விற்கும் தொழிலில் இறங்கினார்கள். ஹோட்டலின் ருசி இப்படித்தான் நம் வீட்டு அலமாரிக்குள் வந்தது. 1984-ல் ஹோட்டல் மறுபடி திறந்தது. பொட்டலத் தொழிலை 2007-ல் நார்வே நாட்டு ஆர்க்லா கம்பெனி வாங்கிக்கொண்டது. ஆனால் ஹோட்டல் மட்டும் குடும்பத்திடமே நின்றது. பொடியை விற்றார்கள்; அடுப்பை விற்கவில்லை!

தமிழ்நாட்டிலும் இத்தகைய குடும்பங்கள் உண்டு. 1957-ல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு ஒரு பிரியாணிக் கடை திறந்தார். தலையில் எப்போதும் தலைப்பாகை. ஜனங்கள் கடையின் பெயரை மறந்துவிட்டுத் 'தலப்பாக்கட்டி கடை' என்றார்கள். அதுவே பெயராக நிலைத்தது. சீரகச் சம்பா அரிசியின் வாசனையோடு அந்தத் தலைப்பாகை இன்று கடல் கடந்தும் போயிருக்கிறது. திருப்பதி ராஜா என்பவர் தொடங்கிய மிட்டாய்க் கடையை அவருடைய பிள்ளைகள் 'அடையாறு ஆனந்த பவன்' ஆக்கி நெடுஞ்சாலை தோறும் கொண்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

மரம் இருக்கிறது, தட்டு இல்லை

டிரைவ்-இன் கதையின் முடிவைச் சொல்லவேண்டும். அந்த ஹோட்டலுக்குச் சமையல் சொந்தம், பெயர் சொந்தம், வாடிக்கை சொந்தம். நிலம் மட்டும் சொந்தமில்லை. நிலம் சர்க்காரைச் சேர்ந்தது என்று வழக்கு நடந்தது. நிலம் சர்க்கார் கைக்குத் திரும்பியது. 2008-ஆம் ஆண்டு டிரைவ்-இன் மூடப்பட்டது. கடைசி நாட்களில், சிறு வயதில் அங்கே தோசை சாப்பிட்டவர்கள் பேரன் பேத்திகளை அழைத்துக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போனார்கள். அதே இடத்தில் 2010 நவம்பரில் 'செம்மொழிப் பூங்கா' திறக்கப்பட்டது. கிருஷ்ண ராவ் இதைப் பார்க்கவில்லை. அவர் 1990-லேயே காலமாகிவிட்டார்.

பூங்காவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காசு இல்லாதவர்களும் மரநிழலில் உட்காரவேண்டும் அல்லவா? ஆனால் தொழில் நடத்தும் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்கலாம். ராயப்பேட்டையில் குத்தகை முடிந்தபோது அவர் கையில் அடுத்த இடம் இருந்தது. அதனால் தொழில் வளர்ந்தது. கதீட்ரல் சாலைக்கு மாற்று இடம் இல்லை. அந்த மரங்களும் அந்த வெட்டவெளியும்தான் அந்த ஹோட்டல். தோசைக் கல்லைத் தூக்கிக்கொண்டு போகலாம். மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

'உட்லண்ட்ஸ்' என்ற பெயர் இதற்குள் பல ஊர்களுக்கும் லண்டனுக்கும் போய்விட்டது. உறவினர்களும் ஊர்க்காரர்களும் பழைய ஊழியர்களுமாக உடுப்பி ஹோட்டல் தொழில் ஆலமரம்போல விழுதுவிட்டது. பலகையில் ஒரே பெயர் இருக்கும் இடமெல்லாம் ஒரே அடுப்பு என்று எண்ணிவிடாதீர்கள்.

கடற்கரைச் சாலையில்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுவைக்குக் காரில் வருகிறவர்கள் மரக்காணம் தாண்டி, கனகசெட்டிக்குளம் வந்ததும் 'அப்பாடா, புதுவை வந்துவிட்டோம்' என்று பெருமூச்சு விடுவார்கள். அடுத்தாற்போல் காலாப்பட்டு, 1985-ல் ஏற்பட்ட பல்கலைக்கழகம். ஒரு காலத்தில் இந்த எல்லையைத் தாண்டினால் பிரெஞ்சு ராஜ்யம். 1954 நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. சட்டபூர்வமாக முழுமையடைந்தது 1962 ஆகஸ்டு 16. டிரைவ்-இன் பிறந்த அதே வருஷம்!

கனகசெட்டிக்குளத்தைப் போல நெடுஞ்சாலை தொட்டுப் போகிற ஊர்களில், சாலையோரமாகச் சொந்த நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு சபலம் தட்டுவது இயற்கை. 'இத்தனை கார் போகிறதே, நாமும் ஒரு டிபன் கடை போட்டால் என்ன?' என்று ராத்திரி சாப்பாட்டின்போது பேச்சு எழும். வீட்டு அம்மாளின் கைப்பக்குவம் ஊரறிந்தது. பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை. கடை போடலாம் என்று அவர் சொல்வார்; வேண்டாம் என்று அவள் சொல்வாள்.

அந்த அம்மாளுக்கு நான் சொல்வது இது. "வேண்டாம்" என்று சொல்வதற்கு முன்னால் சில கேள்விகளைக் கேளுங்கள். இடம் யாருடையது? குத்தகை என்றால் எத்தனை வருஷம்? எழுத்தில் இருக்கிறதா? கணக்கை யார் எழுதுவது? நீங்களே எழுதுங்கள்; எஸ்தர் எழுதவில்லையா? பட்டியலில் எத்தனை பண்டம்? நாற்பது வேண்டாம், நாலு போதும், நாலும் நன்றாக இருந்தால். பெயரை யார் பேரில் பதிவு செய்யப் போகிறார்கள்? பாகப்பிரிவினை என்று வந்தால் பெயர் யாருக்கு, அடுப்பு யாருக்கு? மாவாட்டுவதிலிருந்து பாத்திரம் துலக்குவது வரையில் உங்கள் தலையில்தான் விழும் என்றால் அதற்குக் கூலியும் உண்டா, அல்லது 'குடும்பத்துக்காக' என்ற ஒரு சொல்தான் கூலியா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். எத்தனையோ ஹோட்டல்களின் புகழ்பெற்ற கைப்பக்குவம் பெயர்ப் பலகையில் ஏறாத ஒரு பெண்ணிடமிருந்து வந்ததுதான்.

இவற்றுக்கெல்லாம் பதில் சரியாக இருந்தால், தாராளமாக அடுப்பை மூட்டுங்கள். முதல் காப்பி சாப்பிட நான் வருகிறேன், காசு கொடுத்துத்தான்!

கடை போடும் உத்தேசம் இல்லாதவர்களுக்கும் ஒரு யோசனை. அடுத்த முறை குடும்பத்தோடு ஒரு ஹோட்டலுக்குப் போகும்போது, மேஜை விரிப்பையும் விளக்கு அலங்காரத்தையும் பார்த்து மயங்கவேண்டாம். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி மத்தியான்னம் எங்கே சாப்பிடுகிறார் என்று கவனியுங்கள். பந்தியில் உட்கார்ந்து உங்களுக்கு வந்த அதே சாம்பாரை அவரும் சாப்பிட்டால், நம்பி இலையைப் போடச் சொல்லுங்கள். அவருக்கு மட்டும் வீட்டிலிருந்து டிபன் காரியர் வருகிறதா? குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மெள்ள நடையைக் கட்டுங்கள். வீட்டில் நறுக்கி வைத்த கத்தரிக்காய் இருக்கவே இருக்கிறது!